பத்துப் பவுண்டுக் குழந்தை

புறப்படும் நாள் காலையில் லரூ ஹாட்லாக் சர்ச் வாசலில் தராசோடு நின்ற காட்சியை எங்கள் சபை வார்டில் யாரும் மறக்கவில்லை. துணிமணி போட ஆளுக்கு ஒரு வாளி, பதினேழு பவுண்டு. அதற்குமேல் ஒரு சாக்ஸ் ஏறினாலும் லரூ விடமாட்டாள். ஆர்டித் பிங்கமின் வாளி ஒன்றரைப் பவுண்டு கூடுதலாகக் காட்டியது.

"அது இன்னொரு ஜோடி ஷூ, சிஸ்டர். ஆத்துல நனைஞ்சா மாத்திக்கலாம்னு..."

"நம்ம முன்னோருங்க எத்தனை ஜோடி கொண்டு போனாங்க, கண்ணு? பனியில வெறுங்கால்ல நடந்தவங்க வம்சம் நீ. எடு வெளிய."

ஷூ ஆர்டித்தின் அம்மா காருக்கே திரும்பிப் போனது.

அந்தக் காலத்தில் எங்கள் சபை விசுவாசிகள் கைவண்டி இழுத்துக்கொண்டு மேற்கே வந்த வழியில், நான்கு நாள் நம் பிள்ளைகளும் இழுக்க வேண்டும். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு குடும்பம். அதற்குப் பெரியவர்களில் ஒரு அப்பா, ஒரு அம்மா. அம்மாவுக்கு ஒரு கைக்குழந்தையும் உண்டு: பத்துப் பவுண்டு மாவைத் துணியில் வைத்துத் தைத்து, கண் மூக்கு வரைந்தது. வழி நெடுக அவள்தான் சுமக்க வேண்டும்.

ஆர்டித் இருந்த குடும்பத்துக்கு அம்மா லரூதான். அவளுக்குத் தோளில் பழைய வலி. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாவுக்குப் பதில் போர்வை தைக்க வாங்கிய பஞ்சை அடைத்து, இமை மயிர் வரைக்கும் அழகாக வரைந்துவிட்டாள். வழி முடியுமுன் குழந்தை 'செத்து' புதைக்கப்படுவதுதான் வருஷா வருஷம் வழக்கம். யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

மூன்றாம் நாள் மாலை, அவரவர் மனசில் பட்டதை எழுந்து சொல்லும் சாட்சிக் கூட்டம். லரூ எழுந்து நின்றாள். "இந்தப் பாரத்தைத் தூக்கித் தூக்கி என் கை மரத்துப்போச்சு. அப்பதான் அந்தத் தாய்மாருங்க பட்ட பாடு புரிஞ்சுது" என்று அழுதுகொண்டே சொன்னாள். அரைவாசிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். உள்ளதைச் சொன்னால், அந்த நேரத்தில் அவளுக்கே கை வலித்தது.

அடுத்து பிஷப் எழுந்தார். "இந்த வருஷம் நல்ல மாவை மண்ணுல புதைக்க வேணாம்னு நெனைக்கிறேன். காலையில எல்லாக் குழந்தையையும் பிரிச்சு, ரொட்டி பொரிச்சுச் சாப்பிடுவோம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். லரூவும் தட்டினாள்.

காலையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பிரதர் ஸ்டக்கி கத்தியோடு ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட, ஆர்டித் தானாகவே வண்டிக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிவந்தாள். ஒரு காலை ஊன்றாமல் நடந்தாள். முந்தாநாள் ஆற்றில் நனைந்த ஷூ இன்னும் காயவில்லை. அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மா, இதுல மாவே இல்லையே."

லரூ கத்தியோடு நின்ற ஸ்டக்கியைப் பார்த்தாள்.

"ஆத்துல நான் தவற விட்டுட்டேன், மாவெல்லாம் கரைஞ்சு போச்சுன்னு சொல்லிடவா?"

லரூ தலையாட்டினாள். அதைத்தான் பிற்பாடு அவளால் ஜீரணிக்க முடியவில்லை: ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, சட்டென்று ஆட்டிவிட்டாள்.

ஆர்டித் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே முன்னால் போனாள். சொன்னாள். கூட்டம் சிரித்தது.

"முழுகடிச்சுட்டியா? அடிப்பாவி!" ஸ்டக்கி வேடிக்கையாகத்தான் சொன்னார். "நாளைக்கு நெசமாவே ஒண்ணு பொறந்தா என்ன பண்ணுவியோ! பாவம் உங்க மா, நேத்து எப்படி அழுதாங்க!"

ஆர்டித்தின் காது மடல் சிவந்தது. ஆனாலும் திரும்பி லரூவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் லரூ பேசாமலேயே இருந்திருப்பாளோ என்னவோ.

"அவ முழுகடிக்கல" என்றாள் லரூ.

கத்திக்குக் காத்திருக்காமல் தையலைக் கையாலேயே பிரித்தாள். வயோமிங் சமவெளிக் காற்றுக்குச் சொல்ல வேண்டுமா? பஞ்சு கொத்துக்கொத்தாகக் கிளம்பி, புதர் புதராகப் போய் ஒட்டிக்கொண்டது. யாரோ ஒரு பையன் 'ஹ' என்று சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பிஷப் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்டித் கீழே உட்கார்ந்தாள். "கொஞ்சம் குடுங்க மா. குதிகாலுக்கு வெச்சுக்கறேன்."

குத்திக்காட்டவில்லை, அவளுக்கு நிஜமாகவே தேவைப்பட்டது. லரூ மண்டியிட்டு ஷூவைக் கழற்றினாள். சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு மெல்ல மெல்லத்தான் உரிக்க முடிந்தது.

மற்றக் குடும்பங்கள் லரூவின் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு ரொட்டி என்று, தேன் வெண்ணெய் தடவியே கொடுத்தனுப்பின. பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். லரூவுக்கும் ஒன்று வந்தது. வண்டிகள் கிளம்பும் வரைக்கும் அதைக் கையில் பிடித்தபடியே நின்றாள். வெண்ணெய் உருகி மணிக்கட்டு வரை வழிந்ததாம்.