வழியனுப்பும் ஐந்து நிமிடம்

கோல்கீப்பர்களுக்கு முதலில் கத்தத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். பந்து பிடிப்பதெல்லாம் அப்புறம். ஓரத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வருகிறது என்று வையுங்கள். அதை நானும் எடுக்கலாம், எனக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரனும் எடுக்கலாம். யார் போகிறாரோ அவர் தொண்டை கிழிய “என்னோடது!” என்று கத்த வேண்டும். கத்திவிட்டால் மற்றவன் ஒதுங்கிக்கொள்வான். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவன் எடுப்பான் என்று இவனும், இவன் எடுப்பான் என்று அவனும் நிற்க, பந்து நடுவில் விழுந்து உருண்டு வலைக்குள் போய்விடும். அதைக் குனிந்து எடுப்பது யார்? நான்தான். ஊரே திட்டுவதும் என்னைத்தான்.

என் மகளுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தேன். லீவில் வீட்டுக்குப் போனால் ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆடுவோம். அவள் கத்துகிற கத்தலில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார். அவருக்குச் சமாதானம் சொல்லியே என் மனைவி ஓய்ந்துபோவாள்.

அந்த லீவு வருடத்துக்கு ஒரு முறை. மற்ற நாளெல்லாம், விமானம் ஏறிப் போகவேண்டிய வேறொரு ஊரில், கிளப் கொடுத்த ஒற்றை அறை வீட்டில் இருந்தேன். மூன்று வருடம். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். ஒரு கட்டில், ஒரு வாணலி, ஒரு தட்டு. பேச்சுத்துணைக்கு ஃபிரிட்ஜ். அது கொஞ்ச நேரம் உறுமும், நிறுத்தும். நிறுத்தியதும் நான் ஏதாவது சொல்வேன். சிரிக்காதீர்கள், தனியாக இருந்து பார்த்தால் தெரியும். வெளியே போனால் ஜெர்ஸியில் கையெழுத்து கேட்க நாலு பேர் வருவார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவரும் கிடையாது.

அதிலும் நான் இரண்டாம் கீப்பர். வாராவாரம் உடுத்திக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, முதல் கீப்பருக்குப் பந்து உதைத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார வேண்டும். மாப்பிள்ளைத் தோழன் உத்தியோகம். அணியில் வயதில் மூத்தவன் என்பதால் என்னைப் ‘பெருசு’ என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் பேசியதாக நினைவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், என் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது என்பதுதான். எங்கள் ஊர் கிளப்பில் என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சின்ன கிளப், மைதானத்தில் புல்லைவிட மண் அதிகம். ஆனால் என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மகளிடம் போனில் சொன்னேன்: “சீசன் முடிஞ்சதும் அப்பா வந்துடுவேன் குட்டி. அப்புறம் திரும்பிப் போகவே மாட்டேன்.” அவள் அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இந்த சீசனில் முதல் கீப்பருக்கு விரல் உடைந்தது. அது ஆறும்வரை நான் ஆடினேன். நன்றாகவே ஆடினேன், என்ன தன்னடக்கம் வேண்டிக்கிடக்கிறது. பிறகு அவன் திரும்பி வந்தான், நான் பழையபடி பெஞ்சைத் தேய்த்தேன்.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் கோச்சிடம் போய் நின்றேன்.

“சார், ஒண்ணு கேட்கலாமா? கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும் இறக்கி விடுங்க. வீட்ல டிவில பாப்பாங்க. பொண்ணு ஆசப்படுறா.”

கோச் யாரிடமும் கனிந்து பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு என் தோளில் கை வைத்தார். “நானே அப்படித்தான் நெனச்சிருந்தேன் பெருசு. மரியாதையா அனுப்பி வைக்கணும்ல.”

எங்கள் தொழிலில் அது ஒரு வழக்கம். ஊரைவிட்டுப் போகிறவனைக் கடைசி நிமிடங்களில் களமிறக்குவார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். கீப்பரை அப்படி மாற்றுவது அபூர்வம். மாற்றினார்கள். முதல் கீப்பர் எல்லைக்கோட்டில் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான். அரங்கம் எழுந்தது. பந்து என்னிடம் வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் நம்மாள் ஒருவன் பாவம் பார்த்துத் தட்டிவிட்டது. தூக்கி உதைத்தேன். விசில் ஒலித்தது. நாலு பக்கமும் திரும்பிக் கைகாட்டினேன். கேமரா பக்கம் மகளுக்கென்று தனியாக ஒரு கைகாட்டல். அழுதேன், அதிலென்ன வெட்கம்.

மறுநாள் அட்டைப்பெட்டி வாங்கி வந்து மூட்டை கட்டினேன். வாணலியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன், அங்கே ஆறு வாணலி இருக்கிறது என்று தெரிந்தும். அதற்கடுத்த நாள், விடுவிப்புக் கடிதம் வாங்க கிளப் ஆபீஸுக்குப் போனேன்.

ஆட்டக்காரர்களின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் அங்கே உண்டு. கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டியவர், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“லெட்டரா? எதுக்கு?”

“ஊருக்குப் போறேன்க்கா. ஒப்பந்தம் முடிஞ்சிருச்சுல்ல.”

“எங்க முடிஞ்சுது? ஒரு வருஷம் நீண்டிருக்கே. ஒரு சீசன்ல பதினஞ்சு ஆட்டம் எறங்கினா தானா ஒரு வருஷம் நீளும்னு போட்டிருக்கு. ஞாயித்துக்கெழம ஆடினீங்களே, அதோட பதினஞ்சு.”

“அது ஆட்டமாக்கா? அஞ்சு நிமிஷம்! வழியனுப்புறதுக்காக எறக்கினாங்க!”

“அஞ்சு நிமிஷம் எறங்கினாலும் எறங்கினதுதான் தம்பி. நீங்கதான் ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போட்டிருக்கீங்களே, படிக்கலையா?”

படித்தேனா! கையெழுத்து போட்ட நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். உடல் பரிசோதனைக்காக மேசையில் படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர் ஒட்டி, அசையாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதிவு முடியும் நேரம் நெருங்குகிறது என்று கிளப் ஆள் ஒருவர் அட்டையில் தாள்களைச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். அவர் அட்டையை என் முகத்துக்கு மேலே பிடிக்க, நான் மல்லாந்தபடியே ஒவ்வொரு பக்கத்திலும் கிறுக்கினேன். ஜெர்ஸியில் கையெழுத்து போட்டுப் பழகிய கை, அதுபாட்டுக்கு ஓடியது. அப்புறம் கோட்டு மாட்டிவிட்டு கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அங்கே மேசையில் இருந்தது வெள்ளைத்தாள். பேனாவைப் பிடித்துச் சிரித்தேன். ஊரெல்லாம் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் நல்லவிதமாகத்தான் பேசினார், அதுதான் எரிச்சல். முதல் கீப்பரை அந்த வாரம்தான் பெரிய கிளப் ஒன்றுக்கு விற்றிருந்தார்கள்.

“உங்கள விட்டுட்டா கோல்ல யார நிறுத்துறது சொல்லுங்க? போகணும்னா போகலாம், உங்க ஊர் கிளப்ப எங்ககிட்ட பேசச் சொல்லுங்க. ஒரு வெல வெச்சுத் தர்றோம்.”

விலையாம். எங்கள் ஊர் கிளப் பந்துக்குக் காற்றடிக்கவே யோசிக்கும்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மச்சானுக்குப் போன் போட்டேன். என் மனைவியின் அண்ணன். என் ஏஜெண்டும் அவர்தான். மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பரிசோதனை அறையின் கதவோரத்தில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்.

“மாப்ள, அது... நாம வெச்ச வக்கீல் பாத்துட்டாருன்னு நெனச்சேன். நான் ரேட்டு பேசறவன். உள்ள இருக்கிற சட்டமெல்லாம் நான் என்னத்தக் கண்டேன்?”

வக்கீலைக் கூப்பிட்டேன். “எல்லாத்தையும் குறிச்சு ஏஜெண்டுக்கு அன்னைக்கே அனுப்பிட்டேனே. உங்களுக்கு விளக்கிச் சொல்றது அவர் வேலை. நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

மறுபடி மச்சான். “அனுப்பினார்தான். நான் உங்களுக்கு அனுப்பி விட்டேனே மாப்ள. நீங்க படிச்சிருப்பீங்கன்னு இருந்துட்டேன்.”

வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனிதர் எதிர்த்துப் பேசவே இல்லை. திட்டத் திட்ட எனக்குத்தான் உள்ளே ஏதோ கழன்றுகொண்டே வந்தது. அனுப்பியிருந்தார். அவர் சொன்னது நிஜம். என் போனிலேயே மூன்று வருடமாகத் திறக்காமல் கிடந்தது.

அறைக்கு வந்து, கட்டிய பெட்டி மேலேயே உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். விளங்காத இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் நினைத்த அளவுக்கு அது ஒன்றும் பூதமில்லை. பொறுமையாக உட்கார்ந்தால் புரிகிற பாஷைதான். பதினைந்து ஆட்டம் என்பது ஒரே வரியில் இருந்தது. அதைத் தாண்டிப் படித்துக்கொண்டே போனபோது இன்னொரு வரி வந்தது. ஆட்டக்காரர் கேட்டுக்கொண்டால் குடும்பத்தோடு தங்க வீடும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமும் கிளப் ஏற்பாடு செய்து தர வேண்டும்.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து படித்தேன். அதேதான் இருந்தது.

இந்த அறையைக் காட்டிய அன்று, ஒற்றைக் கட்டிலைப் பார்த்துவிட்டு மச்சான் சொன்னார், “தனி ஆளுக்குத்தான் தருவாங்க போல மாப்ள.” போல. அந்த ஒரு ‘போல’வை நம்பி மூன்று வருடம் ஃபிரிட்ஜோடு பேசியிருக்கிறேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பவும் ஆபீஸுக்கு ஓடினேன். அக்கா பையைத் தோளில் போட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“ஆமா, வீடு உண்டே. போன வருஷம்கூட ரெண்டு வீடு காலியாத்தான் கெடந்துச்சு. கேட்டாத்தானே தம்பி தர முடியும்?” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், “உங்களுக்குத் தனியா இருக்கறதுதான் புடிக்கும்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம்.”

அவர் பின்னாலேயே படியிறங்கினேன்.

வீட்டுக்குப் பேசினேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அன்றைக்கு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு வருடம் நீண்டுவிட்டதைச் சொன்னேன். குழாயை மூடினாள். வீட்டு விஷயத்தையும் சொன்னேன்.

“மூணு வருஷமாவா அது இருந்துச்சு?”

“ம்.”

நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். “மொத வருஷமே நான் அண்ணன்கிட்ட கேட்டேங்க. நாங்களும் அங்க போக முடியாதான்னு. மாப்ளகிட்ட கேட்டுக்கோன்னுட்டான். உங்ககிட்ட கேக்க எனக்கு ரோஷம். நீங்க ஒரு தடவகூட வாங்கன்னு சொல்லலையே. கூப்பிடாத எடத்துக்கு எப்படி வர்றது?”

“எனக்குத் தெரியாதுடி. கூப்பிட முடியும்னே தெரியாது.”

“நான் என்னென்னமோ நெனச்சுட்டேங்க,” என்றாள். என்னென்ன என்று நான் கேட்கவில்லை. மூன்று வருடமும் அவள் அதைத் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“இப்ப கூப்பிடறேன். ரெண்டு பேரும் கெளம்பி வாங்க.”

“இப்ப எப்படிங்க? நீங்க வரப்போறீங்கன்னு நான் ஆஸ்பத்திரில இன்சார்ஜ் வேலைக்கு ஒத்துக்கிட்டேன். இவள ஸ்கூல் டீம்ல எடுத்திருக்காங்க, கீப்பரா. அப்பா வந்து சொல்லித்தருவார்னு நாள எண்ணிட்டிருக்கா. அவகிட்ட நீங்களே சொல்லுங்க, என்னால முடியாது.”

போன் கை மாறியது.

“அப்பா! எப்ப பிளைட்டு?”

சொன்னேன். குழந்தைக்குப் புரிகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டு எதையெதையோ சுற்றிவளைத்துச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்ப எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்களே, அது எதுக்கு?”

“அது... அப்பா போறேன்னு நெனச்சுத் தட்டினாங்க குட்டி.”

“நீங்களும் டாட்டா காட்டினீங்களே.”

“ஆமா.”

“யாருப்பா தப்பு பண்ணினது? மாமாவா? அந்த வக்கீலா?”

மச்சான் பெயரைச் சொல்லலாம். வக்கீலைச் சொல்லலாம். மேசையில் படுக்க வைத்துக் கையெழுத்து வாங்கிய கிளப்பைச் சொல்லலாம். ஒவ்வொருவர் மேலும் கொஞ்சம் நியாயமாகவே பழி போடலாம், என்னையும் சேர்த்து நாலு பேரும் அடுத்தவர் எடுப்பார் என்று நின்றவர்கள்தான். ஆனால் நான் காக்கவேண்டியிருந்தது என்னுடைய கோல். உள்ளே இருந்தது என்னுடைய வீடு.

“என்னோடது குட்டி,” என்றேன். “என்னோட தப்புதான்.”

அவள் குரலில் கோபம்கூட இல்லை. நான் ஹாலில் சொல்லிக் கொடுத்ததை எனக்கே திருப்பிச் சொன்னாள்.

“அத பந்து வர்றப்பவே கத்தணும்ப்பா.”

சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.