நாலாம் கட்டத்தில் முளைத்த முடி

என் தலையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் முடி இல்லை. இருபத்தாறு வயதில் உதிர ஆரம்பித்து, இருபத்தெட்டுக்குள் மொத்தமாகக் கம்பி நீட்டிவிட்டது. அன்றிலிருந்து பதினெட்டு வருஷமாக நான் தொப்பிக்காரன். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் தொப்பி போட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இந்தத் தொழிலை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வேலைக்கு ஒரு தொப்பி, கல்யாணம் காட்சிக்கு ஒன்று, வீட்டுக்குச் சாயம் போன ஒன்று. குளிக்கும்போதும் தூங்கும்போதும்தான் கழற்றுவேன். இந்தக் கதை நடக்கிற வரைக்கும் வெளியாள் ஒருத்தர்கூட என் உச்சந்தலையைப் பார்த்ததில்லை. பார்க்க நான் விட்டதும் இல்லை.

நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அத்தானுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில். அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. நல்ல பெயர் ஒன்று வைத்தோம், ஆனால் நடக்கப் பழகிய நாளிலிருந்து வீட்டில் அவள் ‘வாலு’தான். வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியே பார்க்க மாட்டாள். இறகுப்பந்து என்றால் அவளுக்கு உயிர். இரட்டையர் ஆட்டத்தில் வலையை ஒட்டி நிற்பவள் அவள். பின்னால் நின்று ஆடுகிறவள் அவள் வகுப்பு நெட்டைப் பெண். ஆறு வருஷமாக விடிகாலை ஐந்தரைக்கு வாலுவைப் பயிற்சிக்கு ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகிறவன் நான்தான். அதனால் அந்த ஆட்டத்தில் பாதி என்னுடையது என்று எனக்கொரு நினைப்பு.

அந்தப் பிள்ளைக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்த அக்கா ஒரு நாள் சீப்பைக் கீழே போட்டாள். இடது காதுக்குப் பின்னால் சோடா மூடி அளவுக்கு ஒரு திட்டு, வழவழவென்று, ஒரு முடி இல்லாமல். பத்து நாளில் பிடரியில் ஒன்று, உச்சிக்குப் பக்கத்தில் இன்னொன்று.

“புழுவெட்டு,” என்றாள் அக்கா, தலைக்குள் புழு நெளிவதைக் கண்ணால் பார்த்துவிட்டவள் போல.

தோல் டாக்டரம்மா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்புக்குள்ள இருக்கிற காவல்காரன் ஆள் தெரியாம சொந்த முடியையே விரட்டுறான். யாருக்கும் ஒட்டாது. இவ செஞ்ச தப்புன்னு ஒண்ணும் கிடையாது. தடவ மருந்து தர்றேன். நிறைய பேருக்குத் திரும்பி வந்துடும். எப்பன்னு மட்டும் சொல்ல முடியாது. பொறுமையா இருங்க,” என்றார்.

பொறுமைக்கும் எங்கள் அக்காவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அவளுக்கு வேலை மருந்துக்கடையில். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள், வீட்டுக்கு வந்தால் வெங்காயத்தைத்தான் நம்புவாள். போதாத குறைக்கு, பள்ளிகளுக்கிடையிலான இறுதிப் போட்டிக்கு ஐந்தே வாரம் இருந்தது.

வாலு எங்களிடம், “கால் சுளுக்கிக்கிச்சு, நான் ஆடல,” என்றாள். காலில் வீக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. மாடிப்படியைத் தாவித் தாவித்தான் ஏறினாள். நான் தனியாகப் பிடித்துக் கேட்டபோது பொலபொலவென்று கண்ணீர் விட்டாள்.

“பின்னாடி நிக்கிறவ ஆட்டம் பூரா என் பிடரியத்தான் மாமா பார்க்கணும். எதிர்ல நிக்கிறவளுங்க உச்சியப் பார்ப்பாளுங்க. அரங்கத்துல அவ்வளவு பேர் வேற.”

“தொப்பி போட்டுக்கோ.”

“போட்டுப் பார்த்தேன். பந்து மேல போனா விளிம்பு மறைக்குது. துணி கட்டினா நழுவுது.”

“யாரு பார்த்தா நமக்கென்ன, தைரியமா போய் ஆடு,” என்றேன் நான், பெரிய மனுஷன் தோரணையில். அவள் என் தொப்பியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பார்வை எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் அக்கா ஒரு கிண்ணம் பூண்டு விழுதோடு அந்தக் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து, “எரியும்மா, வேணாம்மா,” என்று குரல். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

“ஏன்க்கா, ஒரு சுவத்துக்கே நான் இப்படிப் பண்ண மாட்டேனே,” என்றேன். “எந்தப் பெயிண்டா இருந்தாலும் முதல்ல மூலையில ஒரு சாண் அடிச்சு வைப்பேன். ஒரு நாள் விட்டு, காலை வெயில்லயும் பார்ப்பேன், சாயங்கால வெளிச்சத்துலயும் பார்ப்பேன். அப்புறம்தான் முழுச் சுவர். பிள்ளை தலை அதைவிடக் கேவலமா?”

அக்கா கிண்ணத்தோடு என் பக்கம் திரும்பினாள். “நியாயம்தான். மூலையில ஒரு சாண், அவ்வளவுதானே. தொப்பியக் கழட்டு.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் அதுதான். தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று ஊரில் பேச்சுக்குச் சொல்வார்கள். என் தலையில் மிளகாய் ஒன்றுதான் மிச்சம்.

ஆனாலும் தொழில் என்று வந்துவிட்டால் நான் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஓரம் கட்டுகிற டேப்பை ஒட்டி, மார்க்கரால் என் மண்டையில் ஆறு கட்டம் நானே போட்டேன். முதல் கட்டம் வெங்காயச் சாறு. இரண்டு பூண்டு. மூன்று இஞ்சி. நாலு விளக்கெண்ணெய். ஐந்து எலுமிச்சையும் மஞ்சளும். ஆறு, குழைத்த காபித்தூள். அது அக்காவின் கடைக்கு வரும் ஒரு பெண்மணியின் பரிந்துரை. அந்தப் பெண்மணியை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பூண்டு வைத்த பத்தாவது நிமிஷம் நான் போட்ட சத்தத்தில் சாத்தியிருந்த கதவு திறந்தது. வாலு எட்டிப் பார்த்தாள். சமையலறை முக்காலியில் கண்ணீர் வழிய, கட்டம் போட்ட மண்டையோடு மாமன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து நாள் கழித்து அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். சரி, எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு கட்டங்களின் கணக்கை எழுதி வைக்கிற நோட்டுப் புத்தகம் அவள் கைக்குப் போனது. தினமும் பூதக்கண்ணாடியோடு வந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பாள். அழிந்த கோடுகளை மார்க்கரால் திரும்பப் போடுவாள். எழுதி வைத்ததை நான் ஒரு நாள் திருடிப் படித்தேன். ‘கட்டம் ஒன்று: நாற்றம் உண்டு, முடி இல்லை. கட்டம் இரண்டு: மாமா அலறினார், முடி இல்லை. கட்டம் ஐந்து: மாமா தலை மஞ்சளாக உள்ளது, முடி இல்லை.’

வேலைக்குப் போன இடத்திலும் நிம்மதி இல்லை. நான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா முதல் வாரம், சமையலறைக் குழாய் அடைத்திருக்கிறதா என்று ஆள் விட்டுப் பார்த்தார். இரண்டாவது வாரம் என் பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சி, “எங்கியோ காபி போடுறாங்க, இல்ல?” என்று ஆசையாகக் கேட்டார். தொப்பிக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

பூண்டுக் கட்டம் கொப்பளித்துவிட்டதால் டாக்டரம்மாவிடம் நான் போக வேண்டியதாயிற்று. “இது என்ன, தாயக்கட்டமா?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டுத் திட்டினார். “இதை அந்தப் பொண்ணு தலையில வெச்சிருந்தா தழும்பாகி, வர்ற முடியும் வராம போயிருக்கும். நல்லவேளை, கெட்டது உங்க தலை.” இதற்கு மேல் கெட என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. விளக்கெண்ணெயைப் பற்றி மட்டும் கேட்டேன். “தடவினா பெரிய கெடுதல் இல்லை. அதனால முடி வரும்னு நான் எழுதித் தர மாட்டேன்,” என்றார்.

எனக்கு அந்த வார்த்தை போதுமாயிருந்தது. ஏனென்றால் நாள் ஓடிவிட்டது. போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் பெயரை உறுதி செய்ய வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். வாலு ஆடாவிட்டால் ஜோடி இல்லாமல் நெட்டைப் பெண்ணும் ஆட முடியாது. அவள் தினமும் போன் செய்து, “கால் எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். வாலுவின் மூன்று திட்டும் அப்படியே இருந்தன. பிள்ளை ராக்கெட்டை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

முந்தின நாள் காலையில், என் பழைய பிரஷ் ஒன்றிலிருந்து கறுப்பு மயிர் ஒன்றைப் பிடுங்கினேன். நகத்தளவுக்கு நறுக்கினேன். நாலாம் கட்டத்தின் நடுவில், உடைந்த பீங்கான் ஒட்டுகிற பசையைத் தொட்டு அதை நட்டேன். நம்பிக்கை வந்தால் போதும், பிள்ளை ஆடப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

அக்கா பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நான் தொப்பியைத் தேடி ஓடினேன். “டேய், நில்லுடா. முளைச்சிருக்குடா. விளக்கெண்ணெய்தாண்டா,” என்று என்னைப் பிடித்து உட்காரவைத்துப் படம் எடுத்துக் கப்பலுக்கு அனுப்பினாள். “வாலு, இங்க வா. பதினெட்டு வருஷத்து மொட்டை இவனுக்கே முளைக்குதுன்னா உனக்கு முளைக்காதா?”

வாலு வந்தாள். பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு நொடி பார்த்தாள். “ஆமாம்மா,” என்றாள். அக்கா அவளுடைய மூன்று திட்டுகளிலும் விளக்கெண்ணெய் தடவும்போது சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் மனசுக்குள் என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பின்கட்டுத் தொட்டியில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்று ஒன்றை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். ஏழு வயதிலிருந்து எனக்கு பிரஷ் கழுவித் தருகிறவள்.

“ரெண்டு இஞ்சு பிரஷ்ஷா மாமா, மூணு இஞ்சா?”

“எது?”

“உன் தலையில முளைச்சது. நுனி ரெண்டா பிளந்திருக்கு. நேத்து முளைச்ச முடிக்கு நுனி பிளக்குமா?”

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள். “முடி இருந்தாத்தான் நான் ஆட முடியும்னு நீயும் நினைக்கிறியா?”

“சேச்சே. நான்தான் அன்னைக்கே சொன்னேனே, யாரு பார்த்தா நமக்கென்னன்னு.”

“தொப்பியப் போட்டுக்கிட்டுச் சொன்ன.” இப்போது நிமிர்ந்து பார்த்தாள். “நான் பொறந்ததுலேருந்து நீ அதை வெளியில கழட்டிப் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் தைரியம் எங்கேருந்து வரும்?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். குழாயில் தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது, அவள்தான் மூடினாள்.

“நாளைக்கு நீ முன் வரிசையில உட்காரணும். தொப்பி இல்லாம. கட்டத்தோட. அப்படின்னா நான் ஆடறேன்.”

“ஏம்மா, தொப்பி இல்லாமன்னா சரி. கட்டத்தை மட்டும் அழிச்சுக்கிறேனே.”

“கட்டத்தோட,” என்றாள். “அதுதான் முக்கியம். எல்லாரும் உன்னையே பார்ப்பாங்க.”

மணி நாலு ஐம்பதுக்குப் பயிற்சியாளருக்கு நான்தான் போன் செய்தேன். “கால் சரியாயிடுச்சு, ஆடுவா,” என்றேன்.

அரங்கத்தில் முன்னூறு பேராவது இருந்திருப்பார்கள். கூரை முழுக்க விளக்கு. ஒரு மூலையில்கூட இருட்டு இல்லை. முன் வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணத் தொப்பியைப் போட்டிருந்தேன். வாலு உடைமாற்றும் அறையிலிருந்து தொப்பியோடு வெளியே வந்து, கோட்டுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள். நெட்டைப் பெண் அவளுக்குப் பின்னால். பொய் சொல்லவில்லை, எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட வாசலைப் பார்த்தேன்.

கழற்றினேன்.

முதலில் காற்று தெரிந்தது. பிறகு எனக்குப் பின்னால் ஒரு குழந்தை, “அம்மா, அந்த மாமா தலையில கட்டம்,” என்றது. அப்புறம் வரிசை வரிசையாகக் கழுத்துகள் நீண்டன. மஞ்சள் கட்டம், பூண்டு சுட்ட பழுப்புக் கட்டம், காபிக் கட்டம். எதிரணிப் பெண்கள் இரண்டு பேரும் ராக்கெட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நடுவர்கூட எழுந்து பார்த்தார். தொப்பியை அக்கா மடியில் வைத்துவிட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

வாலு தன் தொப்பியைக் கழற்றிப் பையில் போட்டாள். ஒருத்தரும் பார்க்கவில்லை. நெட்டைப் பெண் மட்டும் பார்த்தாள். வாலுவின் பிடரித் திட்டில் விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டி, “இதுக்கா காலு சுளுக்குச்சு, லூசு,” என்றாள். முன் வரிசைக்கு அது நன்றாகவே கேட்டது.

அந்த நேரம் பார்த்து எனக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், பாவம், நல்ல மனசோடு, “சார், உங்க தலையில ஏதோ பிரஷ் மயிர் ஒட்டியிருக்கு, எடுத்துடறேன்,” என்று கையை நீட்டினார்.

“தொடாதீங்க,” என்று அரங்கமே திரும்ப அக்கா கத்தினாள். “நாலாம் கட்டத்துல முளைச்சிருக்கு. விளக்கெண்ணெய்.”

வலைக்குப் பக்கத்தில் வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். சிரிப்பு அடங்காமல் தோள் குலுங்கியது. குனிந்த உச்சியில் அந்தத் திட்டு விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. அவள் அதை மூடக் கையைக் கொண்டுபோகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல்கூடப் பழி போட முடியாது.

நடுவர் ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். எதிரணிப் பெண் இன்னும் பாதி என்னைப் பார்த்துக்கொண்டே பந்தை உயரத் தூக்கி அடித்தாள். வாலு தலையை நன்றாக நிமிர்த்தி, மேலே போன பந்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.