கால் பிரேக் இல்லாத சைக்கிள்

“அந்தப் பக்கம் இல்ல மச்சான், இந்தப் பக்கம். பஸ் ஓட்டறவனுக்கு ஒரு நட்டைக் கழட்டத் தெரியலையே!”

வாசல் நாற்காலியில் போர்வையும் தலையணையுமாகச் சாய்ந்திருந்த அத்தான் மூச்சுவாங்கச் சிரித்தார். தம்பி தரையில் குந்தி, தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் பின்சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“பஸ்ஸுல நட்டு கழண்டா மெக்கானிக்கைக் கூப்பிடுவோம் அத்தான். பேக்கரி மாஸ்டரைக் கூப்பிட மாட்டோம்.”

“பேசு, பேசு. முதல்ல அந்த பிரேக் பட்டையைக் கழட்டு. இல்லேன்னா சக்கரம் வராது.”

அது கால் பிரேக் சைக்கிள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரம் இறுகிக்கொள்ளும். அத்தான் ஒரு கையில் ரொட்டிக் கூடையைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார். அக்காவுக்குத்தான் அது ஜென்ம விரோதி. பயம் வந்தால் அவள் கால் தானாகப் பின்னால் மிதிக்கும். சைக்கிள் சட்டென்று நிற்கும், அக்கா நிற்கமாட்டாள். கல்யாணமான புதிதில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டவள், அதன்பிறகு கேரியரோடு சரி.

அத்தானின் இதயம் தளர்ந்துவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வந்து படுத்ததும் அவர் தம்பியைக் கூப்பிட்டார். “பின்சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்பை மாத்திடு மச்சான். ஃப்ரீவீல் போட்டு, கைப் பிரேக் வை. அவ இஷ்டத்துக்குப் பின்னால மிதிச்சுக்கட்டும்.”

சைக்கிள் கடைக்காரர் புது ஹப்பில் கம்பி கோத்துக் கொடுத்த சக்கரத்தைத் தம்பி உள்ளே நுழைத்தான். போகவில்லை. புது ஹப் சற்று அகலம்.

“ஃப்ரேமோட பின்கம்பி ரெண்டையும் விரி. மெதுவா. கதவுல மாட்டின விரலை எடுக்கற மாதிரி.”

அக்கா ஈரக்கையோடு வந்து ஒரு பக்கம் பிடித்தாள். “இங்க பாரு, வாயாலேயே வேலை செஞ்சு வேர்த்துப்போயிருக்கு இவருக்கு. இப்ப இது ரொம்ப அவசரமா?”

“பின்னே? இனிமே உன்னைப் பின்னால உக்காரவச்சு யார் மிதிக்கறது? இவனை நம்பினா டிக்கெட் கேப்பான்.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடியே உள்ளே போனவள், திரும்பி வரச் சற்று நேரமாயிற்று.

செயினை மாட்டி, நட்டை இறுக்கி, பிரேக் கட்டை ரிம்மில் உரசாமல் சரிசெய்து முடித்ததும் தம்பி சக்கரத்தைச் சுழலவிட்டுப் பெடலைப் பின்னால் சுற்றிப் பார்த்தான். சக்கரம் அதைச் சட்டைசெய்யாமல் டிக்டிக்கென்று முன்னாலேயே ஓடியது.

அத்தான் கண்ணை மூடிக் கேட்டார். “நல்லாப் பேசுது. அவளை ஏறச் சொல்லு.”

“விழுந்தா?” என்றாள் அக்கா.

“விழுந்தா எழுந்து வா. நான் எங்கே போகப்போறேன்?”

தம்பி நிமிர்த்திப் பிடித்த சைக்கிளில் அவள் ஏறினாள். சைக்கிள் இடமும் வலமும் ஆடி, எதிர்வீட்டுச் சுவரை மோப்பம் பிடித்துவிட்டு நேரானது. அத்தான் நாற்காலிப் பிடியில் கையை ஊன்றி நிமிர்ந்தார்.

“போறா பாரு, போறா பாரு! பேக்கரில எல்லார்கிட்டயும் சொல்லிடு மச்சான், எம் பொண்டாட்டி...”

அக்கா தெருமுனையில் திரும்பி மறைவதைப் பார்த்தபடியே, அவர் சொல்லி முடிக்கட்டும் என்று தம்பி காத்திருந்தான். பிறகு திரும்பினான். அத்தானின் தலை தலையணையில் சரிந்திருந்தது. சிரிப்பு இன்னும் வாயோரத்தில் இருந்தது. தம்பி மூக்கருகே விரலை வைத்தான். கழுத்தைத் தொட்டான்.

“அத்தான்.”

மூச்சு நின்றுவிட்டிருந்தது.

தெருவின் மறுகோடியில் மணி கேட்டது. சுற்றிக்கொண்டு அக்கா வந்துகொண்டிருந்தாள். கண்கள் பாதையிலேயே இருந்தன. கால்கள் அவசர அவசரமாகப் பின்னால் மிதித்தன.

“டேய்! நிக்கவே மாட்டேங்குதுடா!” முகமெல்லாம் சிரிப்பு. “ஏங்க, பாத்தீங்களா? பாத்தீங்களா?”

தம்பி எழுந்து நாற்காலியை மறைத்து நின்றான். கைப் பிரேக்கைப் பிடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“சூப்பரா ஓட்டறே! இன்னொரு ரவுண்டு போயிட்டு வாக்கா!”

“சரிடா! அவரை உள்ள கூட்டிட்டுப் போயிடாதே!”

அவள் மணியடித்துக்கொண்டே கடந்துபோனாள்.

தம்பி கையிலிருந்த கிரீஸைத் தன் சட்டையில் அழுத்தித் துடைத்தான். அத்தானின் ஒரு காலிலிருந்து செருப்பு நழுவிக் கிடந்தது. குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, மாட்டிவிட்டான்.