ஒன்றரைப் பாகத்து வெளிச்சம்

மூன்று கிழமைக்குள் மூன்றாவது தடவையாக ஒரு பெண் லைற் வாங்க வந்தால் கடைக்காரர் என்ன நினைப்பார்? வீட்டில் கல்யாணமாக்கும் என்று நினைப்பார். இரத்தினசிங்கம் முதலாளியும் அப்படித்தான் பகிடியாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். றம்ஸியாவின் முகத்தைக் கண்டதும் பகிடியை விட்டுவிட்டு வேறு கேட்டார்.

"போன கிழமை கொண்டுபோன ரியூப் எரியேல்லையோ, பிள்ளை?"

"எரியுது முதலாளி. அவருக்குப் புடிக்கல்ல. நீல வெளிச்சம்தான் வேணுமாம்."

"மீன் தொட்டிக்குத்தானே கேக்கிறியள்? மீனுக்கு வேணுமோ, அவருக்கு வேணுமோ?"

அது அவளுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதைக்கே இடம் இல்லை.

முதலில் வாங்கியது அறுபது வாட்ஸ் மஞ்சள் பல்ப். இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்கு அது கூடத்தான் என்று முதலாளி அன்றைக்கே சொன்னார். சொன்னபடிதான் நடந்தது. கண்ணாடி மூடிக்குக் கீழே பல்ப் கொதித்தது, தண்ணீர் சுட்டது, மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்தன. அடுத்தது இரண்டடி வெள்ளை ரியூப் லைற். அதில் சூடு இல்லை. தொட்டியின் அடியில் கிடந்த மணல்கூட எண்ணலாம் போல் தெரிந்தது. கல்லில் ஒட்டியிருந்த கடல்பூ கை விரித்தாற்போல் விரிந்தது. ஆனால் அவள் புருஷன் தாஹிர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கண் கூசுகிறதாம்.

"நீலப் பல்ப் கிடக்கு," என்றார் முதலாளி. "அது திருவிழாவுக்கு மாட்டுறது. அதுக்குக் கீழ ஒண்டும் தெரியாது. ஒண்டு செய்யலாம். வெசாக் பண்டிகை வெளிச்சக்கூட்டுக்கு ஒட்டுற நீலக் கண்ணாடித்தாள் தாறன். இருக்கிற ரியூப்பில ரெண்டு சுத்துச் சுத்திவிடுங்கோ. ஆனா, பாதி வெளிச்சத்தைத் தாள் திண்டுபோடும்."

"தாள் திண்டாத் திங்கட்டும் முதலாளி. அவர் தின்னோணும். எனக்கு அதுதான் வேணும்."

நீலத் தாளைச் சுருட்டிச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள்.

தாஹிர் சுழியோடி. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு அலங்கார மீன் பிடித்துக் கொடுப்பது அவன் வேலை. முதுகில் காற்றுச் சிலிண்டர், கையில் சின்ன வலை. கீழே போனால் மீன்களை நோகாமல் பிடித்துப் பைக்குள் விட்டுக்கொண்டு வருவான். மணிக்கூடு கட்டுவதில்லை. மூச்சை எண்ணியே நேரம் சொல்லுவான், பிசகாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அதெல்லாம் தெரியாதவனுக்குச் சொன்னது. இவன் ஆழம் தெரிந்து காலை விட்டவன். போன மாசியில் ஒரே நாளில் மூன்றாந்தரம் பதினைந்து பாகத்துக்கு இறங்கினான். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். கீழே காற்று முடிந்துபோக, கயிற்றை அசைத்தான். மேலே தோணியில் இருந்த கூட்டாளி அலியார் பயந்துபோய் ஒரே இழுவையாக இழுத்தான். ஆழத்தில் இரத்தத்துக்குள் ஏறிய காற்று இறங்க மெல்ல மெல்ல வரவேண்டிய மனிதன் விசுக்கென்று மேலே வந்தான். வந்து சிரித்தான், ஒரு பீடி கேட்டான். பீடி முடியுமுன் இடுப்புக்குக் கீழே செத்துவிட்டது. பெரியாஸ்பத்திரி, கொழும்பு என்று எல்லா இடமும் போய்ப் பார்த்துவிட்டுக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

இப்போது எட்டு மாதம். மகள் ஸல்ஹாவை மூதூரில் சாச்சி வீட்டுக்கு அனுப்பச் சொன்னான், அனுப்பினாள். யன்னலை மூடச் சொன்னான், மூடினாள். ஐப்பசி பிறந்ததும் சாப்பாட்டையும் வேண்டாம் என்றான். நாலு நாள் தண்ணீர் மட்டும் குடித்தான். றம்ஸியா கெஞ்சினாள், ஏசினாள், காலைப் பிடித்தாள். அந்தக் காலுக்குத்தான் பிடித்ததும் தெரியாதே.

ஐந்தாம் நாள் அலியார் தொட்டியைக் கொண்டுவந்தான். கம்பனியில் கழித்துவிட்ட தொட்டி. ஒரு மூலையில் கசிவு, புட்டி வைத்து அடைத்திருந்தான். காற்றுக் குமிழி விடுகிற சின்ன மோட்டாரும் இருந்தது. உள்ளே ஒரு கல், கல்லில் ஒரு கடல்பூ, பூவின் விரல்களுக்குள் புகுந்து விளையாடுகிற செம்மஞ்சள் மீன் சோடி. பூ என்றுதான் பேர். அது செடி இல்லை, உயிருள்ள பிராணி. கட்டிலின் தலைமாட்டில் வைத்ததும் தாஹிர் திரும்பிப் பார்த்தான். எங்கே எடுத்தது என்று அலியாரிடம் கேட்டான். றம்ஸியா அந்த நேரம் குசினிக்குள் நின்றாள். அலியாரின் மறுமொழி அவளுக்குக் கேட்கவில்லை.

அன்றைக்கே அவள் பீங்கானில் சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து முன்னால் இருந்தாள். அவன் கொஞ்ச நேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"வல்லாஹி, இந்தப் பூ உசிரோட இருக்கு மட்டும் நான் சாப்பிடுறன். அது போன மறுகா என்னை ஒண்டும் கேக்கப்படாது. சம்மதமா?"

அல்லாஹ்வின் பேரில் செய்த சத்தியம். தாஹிர் என்ன குறை உள்ளவனாக இருந்தாலும் சத்தியம் தவறுகிறவன் அல்ல. பூ மனிதரைவிடக் கனகாலம் இருக்கும் என்று அலியார் வாசலில் வைத்துச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. சம்மதம் என்றாள். அடி பைத்தியக்காரி, சம்மதம் என்றாள்.

நீலத் தாளைச் சுற்றி லைற்றைப் போட்டதும் அறையே மாறிப்போயிற்று. சுவர், கட்டில், தாஹிரின் தாடி, எல்லாம் நீலம். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் முகம் இளகியதை அவள் கண்டாள்.

"இதுதான்," என்றான். "பதினஞ்சு பாகத்தில இப்பிடித்தான் இருக்கும். செகப்பெல்லாம் செத்துரும். நீலம் மட்டும்தான்."

ஆழத்துப் பொருளுக்கு ஆழத்து வெளிச்சம் என்று அவள் எண்ணிக்கொண்டாள். சுழியோடி சொன்னால் சரியாகத்தானே இருக்கும். அதுவரை சத்தியத்துக்காக இரண்டு வாய் மட்டும் தின்றவன் அன்றிரவு முழுப் பீங்கான் சோறும் தின்றான். அவள் குசினிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

பத்தாம் நாள் பூவின் விரல் நுனிகள் வெளுத்தன. பதினைந்தாம் நாள் உடம்பு முழுக்கச் சாயம் போனது. பிறகு விரிவதை விட்டுவிட்டுச் சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அளவாயிற்று. மீன்கள் ஒதுங்க இடமில்லாமல் கல்லைச் சுற்றின. தண்ணீர்தான் கெட்டுவிட்டதோ என்று நினைத்து, விடிந்ததும் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு கடலுக்கு ஓடினாள். வள்ளங்கள் நிற்கிற இடத்தில் எண்ணெய் மிதக்கும் என்று இடுப்பளவு தண்ணீர் வரை இறங்கி அள்ளினாள். ஒரு நாளைக்கு மூன்று நடை. இடுப்பு விட்டுப்போயிற்று. ஓதித் தண்ணீரில் ஊதியும் பார்த்தாள். பூ கேட்கவில்லை.

தாஹிர் மட்டும் அமைதியாக இருந்தான். அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

"அது போயிரும். நீ வீணா அலையாத," என்றான், பஸ் நேரம் சொல்வதுபோல.

அடுத்த நாள் காலை அலியார் வந்தான். தொட்டி கொண்டுவந்த அந்த ஒரு நாள் தவிர அவன் அறைக்குள் வந்ததில்லை. தன் கையால் இழுத்த கயிற்றை நினைத்து முற்றத்தோடு நின்றுவிடுவான். அன்றைக்கும் வேலியோரம் நின்று மீன் பொட்டலத்தை நீட்டினான்.

"காக்கா, பூ சாகுது," என்றாள் றம்ஸியா, அண்ணன் முறை வைத்து. "பதினஞ்சு பாகத்துச் சாமானை வீட்டில வச்சிருக்க ஏலாதா?"

"ஆரு சொன்ன பதினஞ்சு பாகமெண்டு? இது புறாத்தீவுப் பக்கம் எடுத்த தங்கச்சி. ஒண்டரைப் பாகம். நிண்டா தலைக்கு மேல கொஞ்சம். வெயில் நேரா விழுற கல்லு."

"அவருக்குத் தெரியுமா?"

"கொண்டுவந்த அண்டே கேட்டான், சொன்னன். ஏன், என்ன லைற் போட்டிருக்கிற?"

அவள் சொன்னாள். அலியார் தலைத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வெயில் படாட்டி இது வெளுத்துச் சாகும் தங்கச்சி. ஒரு மாசம் தாங்காது. என்னைவிட அவனுக்கு நல்லாத் தெரியும். புதுசா வாற பொடியன்களுக்கு அவன்தான் இதைச் சொல்லிக் குடுக்கிற."

றம்ஸியா முற்றத்து மணலில் அப்படியே குந்தினாள். தன் உயிரைத் தானே எடுப்பது ஹராம். சத்தியத்தை முறிப்பதும் பாவம். இரண்டிலும் அகப்படாமல் போக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான் அந்த மனிதன். பூவைச் சாகவிட்டால் சத்தியம் தானாக முடியும், பிறகு சோற்றை வேண்டாம் என்றாலும் யாரும் கேட்க ஏலாது. பூவைக் கொல்லத் தாளை வாங்கி வந்தது யார்? அவள். தன் கையால் சுற்றியது யார்? அதுவும் அவளேதான். பிறகு கோபம் வந்தது. கல்யாணம் கட்டிய நாளில் இருந்து அவன்மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை.

"தாளைக் கழட்டினாக் காணுமா, காக்கா?"

"இவ்வளவு வெளுத்த மறுகா ரியூப் காணாது. வெயில்தான் வேணும். வெளிய கொண்டுவரவும் ஏலாது, தொட்டியை அசைச்சா மூலை விட்டுரும்."

"அப்ப வெயிலை உள்ளுக்குக் கொண்டுவாங்க. யன்னல் வெயில் தலைமாட்டுக்கு எட்டாது. கூரை ஓட்டைக் கழட்டுங்க."

அலியார் கூரையைப் பார்த்தான், அறையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். தாஹிரின் முகத்துக்கு நேரே போய் அப்படி ஒன்றைச் செய்ய என்னால் ஏலாது என்றான். ஏணியைப் பிடிக்கவாவது ஏலுமா என்று கேட்டாள். அதற்கு ஓம் என்றான்.

பட்டப்பகலில் ஒரு பெண்பிள்ளை முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூரையில் ஏறினால் ஊர் என்ன சொல்லும்? சொல்லட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. சுவர்த் தலைப்பில் கால் வைத்து, தலைமாட்டுக்கு நேராக இருந்த ஓடுகளை ஒவ்வொன்றாக உருவினாள். ஆறு ஓடு. பத்து மணி வெயில் அந்த ஓட்டையால் இறங்கி, தொட்டியின் மேலும் தாஹிரின் முகத்திலும் பாதிக்குப் பாதி விழுந்தது.

"ஆரது? ஓட்டைத் திரும்பப் போடு," என்று கீழே இருந்து சத்தம் வந்தது. எட்டு மாதமாக அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வந்ததில்லை. "றம்ஸியா, நீயா? ஓட்டைப் போடுடி!"

அவள் ஓட்டைக்குள் தலையை நீட்டினாள்.

"எழும்பி வந்து நீங்களே போடுங்க."

அப்படிச் சொல்லலாமா? சொல்லக் கூடாது. கால் வழங்காத மனிதனுக்கு எந்தப் பெண்டாட்டியும் சொல்லக் கூடாத சொல் அது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அலியார் கண்ணை மூடிக்கொண்டான். றம்ஸியா நிறுத்தவில்லை.

"ஒண்டரைப் பாகமாமே. என்ட கையாலயே கொல்ல வச்சீங்களே. அது செத்தா நீங்க போயிருவீங்க. நானும் ஸல்ஹாவும் ஒங்களுக்கு ஆரு? சத்தியம் பண்ணின ஒங்கட வாய். இனி அதக் காப்பாத்துற என்ட வேலை. மழை வந்தா நனையுங்க. நான் மூடமாட்டன்."

அவள் சுவர்த் தலைப்பில் குந்தியிருந்து அழுதாள். கையில் சிவப்புத் தூசி. பக்கத்து வளவுக்குள் இருந்து இரண்டு பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"றம்ஸியா."

கீழே இருந்து அவன் கூப்பிட்டதும் அவள் முகத்தை மட்டும் ஓட்டைப் பக்கம் திருப்பினாள்.

"இஞ்ச கேளு. கனநேரம் விடாத," என்றான் தாஹிர். "இருட்டில கிடந்த சாமான். ஒரேயடியா வெயிலுக்குக் கொண்டுவந்தாச் செத்துரும். மெல்ல மெல்லத்தான் மேல கொண்டுவரோணும். இண்டைக்குக் கால் மணித்தியாலம் காணும். நாளைக்கு அரை."

ஏணியடியில் அலியார் வாய்விட்டு அழத் தொடங்கினான். றம்ஸியா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓட்டைக்குள் குனிந்தாள். வெயிலில் தாஹிர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பூவைப் பார்த்தபடி கிடந்தான். பூ இன்னும் சுருங்கித்தான் இருந்தது.

"கால் மணித்தியாலம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? என்னட்ட மணிக்கூடா இருக்கு?"

"நான் எண்ணுறன்," என்றான் அவன். "நீ அதில இரி."

அவள் ஓடு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.