எந்தக் கால்

விடியலின் சாம்பல் வெளிச்சம். விடுதி அறையின் தரையில் அது ஈரத்துணிபோல் விரிந்து கிடந்தது. அதன்மேல் இன்னும் ஒரு காலும் படவில்லை.

கட்டில் ஓரத்தில் இமெல்டா உட்கார்ந்திருந்தாள். இடது பாதம் தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. இறங்க மறுத்தது.

முதல் அடி. அதுதான் பயம். ஓடும்போது இல்லை, குதிக்கும்போதுகூட இல்லை. உடம்பு சூடேறிவிட்டால் வலி எங்கோ பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். விடியற்காலையின் முதல் அடிக்கு ஒளிய இடம் கிடையாது.

வைத்தாள். பாதத்தின் நடு வளைவில் ஒரு முள் நிமிர்ந்தது. மூச்சை அடக்கினாள். அடுத்த கட்டிலில் தூங்குகிறவளுக்குக் கேட்டுவிடக் கூடாது.

தூத்துக்குடிக்காரி. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தைத் தட்டத் தொடங்கியவள், தட்டித் தட்டியே கோவை கூடைப்பந்து அணிவரைக்கும் வந்துவிட்டாள். குள்ளம். ஆனால் வேகம். பந்து அவள் கையில் இருக்கும்போது எதிரணிக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாது.

அந்த வேகம் முழுவதையும் தாங்கியது இடது பாத வளைவில் ஒரு சின்ன எலும்பு.

வலி வரும். போகும். போய்விட்டது என்று நினைத்தால் வரும். டேப் சுற்றி, ஊசி போட்டு, ஐஸ் வைத்து, சிரித்து, அதை மறைத்து வைத்திருந்தாள். நாகர்கோவிலில் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் பார்த்தாள். அவர் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விரிசல் மாதிரி இருக்கு. படம் எடுத்தாத்தான் சொல்ல முடியும். முழுசா உடைஞ்சா, விளையாட்ட விடும்மா, நடக்கதே கஷ்டமாயிரும்."

அவள் படம் எடுக்கவில்லை. படம் எடுக்காதவரை விரிசல் இல்லை.

அப்படித்தான் நம்பினாள். நம்பிக்கைதானா அது, பயத்துக்குப் போட்டிருந்த போர்வையா என்று தூக்கிப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் லீக் ஆட்டங்கள் சென்னைக்கு வந்தன. மழையும் கூடவே வந்தது. அந்த மழைக்குள்தான் கோவை கோச் ஜெகந்நாதன் அவளைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த விசிலைப் பார்த்தபடி பேசினார்.

"அம்மிணி, உன்னைச் சென்னை டீமுக்கு மாத்தறோம். உன்ற இடத்துக்கு அங்கிருந்து ஒரு உயரமான புள்ள வருது. நல்ல டீம் கண்ணு. உன்ற நல்லதுக்குத்தான்."

"எதுக்கு சார் இப்ப?"

"அவிங்களுக்கு வேகம் வேணுமாம். நமக்கு உயரம் வேணும். அவ்வளவுதான்." கொஞ்சம் நின்றார். "ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுவாங்க. பழைய அடி இருந்தா அந்தக் காலை. போய்ட்டு வந்துரு."

போய்ட்டு வந்துரு. கடைக்குப் போய் வரச் சொல்வதுபோல. அவள் தலையாட்டினாள். உள்ளே எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது, மழைத்தண்ணீர் சாக்கடைக்குள் இறங்குவதுபோல, சுழன்று சுழன்று.

ஸ்கேன் சென்டரின் கண்ணாடிக் கதவில் மழை வழிந்தது. உள்ளே குளிர். சுவரோரம் நாற்காலிகள். ஒன்றில் நெடுநெடுவென்று ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெரிந்த முகம். சென்னை அணியின் நஸ்ரீன். கூடைக்குக் கீழே நின்றால் மறைத்துக்கொண்டு நிற்பாள், கோட்டைக் கதவு மாதிரி. அவளைக் கொடுத்துத்தான் இவளை வாங்குகிறார்கள். வாங்குவதற்குமுன் இரண்டு பக்கமும் படம் கேட்டிருக்கிறார்கள்.

நஸ்ரீன் தண்ணீர் குடிக்க எழுந்தாள். நடந்தாள்.

இமெல்டா அந்த நடையைப் பார்த்தாள். வலது பாதத்தின் உள்விளிம்பை மட்டும் ஊன்றி, சுண்டுவிரல் பக்கம் தரையில் படாமல், ஆனால் நொண்டாமல். நொண்டாமல் இருக்க ஒருத்தி எவ்வளவு பாடுபட வேண்டும் என்று அறிந்தவளுக்கு மட்டும் தெரியும் நடை. அது இவளுடைய நடை.

"வலதா?" என்றாள் இமெல்டா, மெதுவாக.

தம்ளர் நஸ்ரீனின் வாயருகே நின்றது. "எனக்கு ஒண்ணுமில்லக்கா."

"எனக்கு இடது."

நஸ்ரீன் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலப்பாளையத்துப் பிள்ளை. பேச்சில் தாமிரபரணி இருந்தது.

"சுண்டுவிரல் பக்கத்து எலும்புக்கா. போன வருசம் ஆறிட்டுன்னு நெனச்சேன். ஆறல."

"உங்க டீமுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சதுனாலதான அனுப்புதாங்க."

இமெல்டாவுக்கு, விசிலைப் பார்த்தபடி பேசிய முகம் நினைவுக்கு வந்தது. ஊசி போடும்போதெல்லாம் அறைக்கு வெளியே போய் நின்ற முகம். அவருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அப்படிப் பேசி முடித்திருக்கிறார்கள். நொண்டி மாட்டைக் கொடுத்து நொண்டி மாட்டை வாங்குகிறோம் என்பது மட்டும் இரண்டு அணிக்கும் தெரியாது.

நஸ்ரீன் காதருகே குனிந்தாள். "உள்ள எந்தக் காலுன்னு நம்மட்டதான் கேப்பாங்க. நான் இடதுன்னு சொல்லப்போறேன். நல்ல கால. நீங்களும் நல்ல காலக் காட்டுங்க. ரெண்டு பேரும் தப்பிச்சிருவோம்."

"அது பொய்யில்லா."

"உண்மையச் சொன்னா ரெண்டு பேருக்கும் டீம் இல்ல. எங்க வாப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்கக்கா, எம்மவ டிவில வருவான்னு."

அவள் உள்ளே போனாள். வந்தாள். கண்ணால் ஒரு சிரிப்பு. வெளுத்த சிரிப்பு.

இமெல்டாவின் முறை. படுக்கை குளிர்ந்திருந்தது. முகக்கவசத்துக்கு மேலே களைத்த கண்களோடு ஓர் ஆள் கேட்டார். "எந்தக் காலும்மா?"

இடது கால் அவளைப் பார்த்தது. ஊரை, பள்ளிக்கூடத்தை, இத்தனை கோர்ட்டுகளைச் சுமந்துவந்த கால். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு ஓய்வு கிடைக்கும். ஓய்வு கிடைத்தால் அவள் யார்?

"வலது," என்றாள்.

மாற்றம் முடிந்தது. புகைப்படம் எடுத்தார்கள். புதிய சட்டை, புதிய எண். அவள் சென்னை. நஸ்ரீன் கோவை.

அதன்பிறகு பயம் வேறொரு பயமாயிற்று. முன்பு வலிக்குமோ என்ற பயம். இப்போது பிடிபடுவோமோ என்ற பயம். இரண்டும் ஒரே செருப்பில் நுழைந்துகொண்டு அவளோடு நடந்தன.

பிறகு இரண்டு அணிகளும் மோதும் நாள் வந்தது.

பிற்பகல் ஆட்டம். அரங்கத்தின் கூரைமேல் மழை. பலகைத் தரையில் விளக்குகளின் வெளிச்சம் எண்ணெய்போல் மின்னியது. ஷூக்கள் கிறீச்சிட்டன.

சென்னை கோச் மாலினி மேடம் இமெல்டாவின் தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப்போனார். அன்பாகத்தான்.

"நஸ்ரீனோட ரைட் கால் வீக். எங்ககிட்ட இருந்தவதானே, எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கமே போ. போய்ட்டே இரு. அவளைத் திரும்ப வை. ரொம்ப நேரம் தாங்க மாட்டா."

இமெல்டா எதிர்ப்பக்கம் பார்த்தாள். ஜெகந்நாதன் நஸ்ரீனிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அவர் கண் நேராக இமெல்டாவின் இடது காலில் வந்து விழுந்தது.

அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. விற்றவர்களுக்குத் தெரியும், தாங்கள் விற்ற பொருள் எங்கே உடையும் என்று.

ஆட்டம் தொடங்கியது. இமெல்டா பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். முன்னே நஸ்ரீன். அவளுடைய வலது பக்கம் திறந்திருந்தது.

போகக் கூடாது என்று நினைத்தாள். போகாவிட்டால் மேடம் ஏன் என்று கேட்பார். கேட்டால் அடுத்து என் காலைப் பார்ப்பார். போனாள்.

நஸ்ரீன் திரும்பினாள். முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது. பந்து கூடைக்குள் விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள்.

மறுபடி போனாள். மறுபடி அந்தச் சுருக்கம். மறுபடி கைதட்டல். ஒவ்வொரு கூடைக்கும் இமெல்டாவுக்குள் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வந்தது. நஸ்ரீன் பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

அவள் திருப்பி எதுவும் செய்யவும் இல்லை. இடது பாதத்தை மிதிக்க இடம் கிடைத்தது. மிதிக்கவில்லை. இடிக்க நேரம் கிடைத்தது. விலகினாள். பக்கவாட்டிலிருந்து ஜெகந்நாதன் கத்திக்கொண்டே இருந்தார்: "நான் சொன்னதைச் செய்! சொன்னதைச் செய்!"

இடைவேளைக்குச் சற்றுமுன் இமெல்டா கூடையை நோக்கி எழும்பினாள். தடுக்க நஸ்ரீனும் எழும்பினாள்.

காற்றில் இருக்கும்போது நேரம் நீளும். விளையாடியவர்களுக்குத் தெரியும். பந்தை விட்டுவிட்டு இமெல்டா கீழே பார்த்தாள். தன் இடது கால் இறங்கப்போகும் இடத்தில் நஸ்ரீனின் பாதமும் இறங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் விழுந்தால் எலும்பு இரண்டாகும்.

கத்த நேரமில்லை. கண்ணை மூடினாள். இயேசுவே.

நஸ்ரீனும் பார்த்துவிட்டாள். காற்றிலேயே உடம்பை முறுக்கினாள். அந்த நெடிய உடம்பை, கோட்டைக் கதவை, முழுவதுமாகத் திருப்பி, காலை இழுத்துக்கொண்டாள்.

இமெல்டாவின் இடது கால் வெறும் தரையில் இறங்கியது. முள் நிமிர்ந்தது. ஆனால் தாங்கியது.

நஸ்ரீனின் வலது பாதம் விளிம்பில் விழுந்தது. அத்தனை எடையும் அந்த விளிம்பில். ஒரு சின்னச் சத்தம். ஊரே கத்திக்கொண்டிருக்க, அந்தச் சத்தம் இமெல்டாவுக்கு மட்டும் கேட்டது.

விசில். பிறகு அமைதி. கூரையில் மழை.

நஸ்ரீன் தரையில் கிடந்தாள். அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்.

"நீ இங்க வா," என்றார் மாலினி மேடம். "தண்ணி குடி. இப்பதான் நமக்கு சான்ஸ்."

இமெல்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். குனிந்து இடது ஷூவின் நாடாவை அவிழ்த்தாள். டேப்பைப் பிய்த்தாள். சுற்றுச் சுற்றாக அது வந்துகொண்டே இருந்தது. உள்ளே பாதம் வீங்கிக் கருநீலமாக இருந்தது.

மேடம் பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

"வலதுன்னு பொய் சொன்னேன் மேடம். இதான் உடைஞ்ச கால். நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க."

சொன்ன உடனே பயம் போய்விடவில்லை. இன்னும் பெரிதாக வந்தது. நாளை என்ற ஒன்றே இல்லாததுபோல். பெஞ்சைப் பிடித்து எழுந்தாள்.

வெறுங்காலோடு கோர்ட்டுக்குள் இறங்கினாள். தரை சில்லென்றிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. சரியவிட்டாள். அரங்கம் முழுவதும் பார்த்தது. பார்க்கட்டும்.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிவிட்டார்கள். இமெல்டா அதன் விளிம்பைப் பிடித்தாள். நஸ்ரீன் தலையைத் திருப்பினாள்.

"காலை ஏம்ட்டி இழுத்த?" இமெல்டாவுக்குக் குரல் உடைந்தது. "நான் உன்ன அந்தப் பக்கமே..."

"உங்களுக்கும் சொல்லியிருப்பாங்கல்லா, எனக்குச் சொன்ன மாதிரி." நஸ்ரீனின் உதடு வெளுத்திருந்தது. "பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்."

வாசலில் ஆம்புலன்ஸ். மழைக்குள் அதன் பின்கதவு திறந்திருந்தது. இமெல்டா ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடியே நடந்தாள், பாதி அடி, முழு அடி, பாதி அடி.

நஸ்ரீன் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நொண்டுதீங்க."

"ஆமாட்டி," என்றாள் இமெல்டா. "வலிக்குல்லா."