நல்ல காலின் அளவு

அளவு டேப்பின் நுனி பொடிசின் விரலிலிருந்து நழுவிச் சர்ரென்று சுருண்டது.

"ஏய், ஒழுங்கா பிடிம்மா. தூங்கறியா?" என்றார் பிசியோதெரபிஸ்ட், ஜிம் தரையில் குந்தியபடியே.

தூக்கமா! அவள் கண் அக்காவின் காலை விட்டு நகரவே இல்லை. அக்கா இப்போதுதான் வலது காலால், அதாவது நல்ல காலால், ஒற்றைக்காலில் தாண்டி இறங்கியிருந்தாள். இறங்கிய இடம் ரொம்பக் கிட்டே. அந்தக் காலுக்கு அது ஒரு தாண்டலே இல்லை. மழை பெய்து பயிற்சி நின்றுபோகும் நாட்களில் விடுதி வராந்தாவில் இரண்டு பேரும் போட்டி போட்டுத் தாண்டுவார்கள். ஒரு தடவைகூடப் பொடிசு ஜெயித்ததில்லை. இன்றைக்கு அக்கா தாண்டியதைப் பொடிசு செருப்போடு தாண்டுவாள்.

வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறாள்.

புரிந்த மறுகணம் பொடிசின் மனசில் முதலில் வந்தது அக்காவின் முட்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேட்ச். அப்போதுதான் டேப் நழுவியது.

அக்கா அந்தக் கால்பந்து கிளப்பின் முதல் கோல்கீப்பர். ரசிகர்கள் அவளைச் 'சுவர்' என்பார்கள். பதினேழு வயதுப் பொடிசு இரண்டாவது கீப்பர். விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. சீசன் நடுவில், உயரப் பந்தைப் பிடித்து இறங்கும்போது அக்காவின் இடது முட்டி திருகிக்கொண்டது. உள்ளே இருந்த ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டது. அன்றிலிருந்து கம்பங்களுக்கு நடுவே நிற்பது பொடிசுதான்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஆபரேஷன் செய்து புது ஜவ்வு வைக்கலாம். திரும்பி வர ஒரு வருஷம்கூட ஆகலாம். இல்லையென்றால் கத்தி வைக்காமல், தொடைத் தசையை இரும்பாக்கி அதையே முட்டியைப் பிடிக்க வைக்கலாம். சில பேருக்குத் தாங்கும், சில பேருக்குத் தாங்காது. தாங்காத முட்டியோடு ஆடினால் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பும் கிழியும், அதற்கப்புறம் மாடிப்படிகூட மலைதான். எந்த முட்டி தாங்கும் என்று முன்கூட்டியே அடித்துச் சொல்ல அவராலும் முடியவில்லை. அவர் பேசி முடிக்கும் முன்பே அக்கா, "கத்தி வேண்டாம் டாக்டர்" என்றுவிட்டாள்.

அதற்கான பரீட்சைதான் இது. நல்ல கால் தாண்டும் தூரத்தில் தொண்ணூறு சதவீதமாவது அடிபட்ட கால் தாண்ட வேண்டும். தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை களம். இல்லையென்றால் ஆபரேஷன் மேஜை.

"அடுத்து இடது!" என்றார் பிசியோ.

இந்த முறை அக்கா உயிரைக் கொடுத்துத் தாண்டினாள். இறங்கும்போது முட்டி ஒரு நொடி உள்பக்கமாக ஆடியது. பல்லைக் கடித்து நின்றுவிட்டாள். பிசியோவின் கண் குதிகால் பட்ட இடத்தில் இருந்தது. முட்டியைப் பார்த்தது பொடிசு மட்டும்தான்.

"தொண்ணூத்தி நாலு! சபாஷ்! நல்ல கால்தான் கொஞ்சம் சோம்பேறியாயிடுச்சு. படுத்துக் கிடந்தா அப்படித்தான்."

அவர் கிளப்புக்கு வந்ததே அக்கா அடிபட்டதற்கு அப்புறம்தான். அந்த வலது காலின் பவிசு அவருக்குத் தெரியாது.

உடை மாற்றும் அறையில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, வலது கால்ல ஏன் அவ்ளோ கம்மியா தாண்டினீங்க?"

ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. பிறகு சிரித்தாள். "உனக்கு இருக்கறது கண்ணா, கேமராவா?"

"விளையாடாதீங்கக்கா."

"சரி, இழுத்துப் பிடிச்சுத்தான் தாண்டினேன். போதுமா? முழுசா தாண்டியிருந்தா எழுபதைத் தொட்டிருக்காது."

"முட்டி போயிடுச்சுன்னா?"

"போகாதுடி. போன வருஷம் நமக்கு எதிரா ரெண்டு கோல் போட்டாளே, அந்த நெட்டைச்சி, அவளுக்கு ஜவ்வே கிடையாது. தெரியுமா?"

"அதே டீம்ல இன்னொருத்தங்க ஸ்ட்ரெச்சர்ல போனாங்களே, அவங்களையும் சேர்த்துச் சொல்லுங்க."

"ரொம்பப் பேசறே." அக்கா ஷூவை மூலையில் வீசினாள். "எனக்கு முப்பத்திரண்டு. இந்த சீசனோட ஒப்பந்தம் முடியுது. ஒரு வருஷம் கழிச்சு நொண்டிக்கிட்டு வந்தா எந்த கிளப்பு கூப்பிடும்? முட்டியை பத்திரமா வச்சு ஷோகேஸ்லயா மாட்டப்போறேன்?"

"நான் பிசியோ சார்கிட்ட சொல்லிட்டா?"

அக்கா கோபப்பட்டிருந்தால் தேவலை. கோபப்படவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "சொல்லேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை யாரு நிப்பா? நீதான். டீமுல ஒவ்வொருத்தியும் என்ன பேசுவான்னு நான் வேற சொல்லணுமா?"

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம்.

பொடிசு பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சொன்னால் காட்டிக்கொடுத்தவள். சொல்லாமல் இருந்து, ஞாயிற்றுக்கிழமை அந்த முட்டி உள்பக்கமாக மடிந்தால்? பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்க்கப் போகிறவளும் அவள்தானே. கால்கள் பாட்டுக்கு நடந்து அவளைப் பிசியோவின் அறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தின.

பிசியோ ரப்பர் பட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "என்ன பொடிசு, மூஞ்சி தொங்கிப்போச்சு? மறுபடி பெஞ்சுல உக்காரணுமேன்னா? விடு, உனக்கென்ன வயசா ஆயிடுச்சு?"

அப்படியே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. போகத்தான் பார்த்தாள். கண்ணுக்குள் அந்த முட்டி இன்னொரு தடவை ஆடியது.

"சார், அக்காவை மறுபடி தாண்டச் சொல்லுங்க. வலது காலை."

"ஏன்?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். வராந்தா, இழுத்துப் பிடித்த கால், ஆடிய முட்டி. அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள்.

பிசியோ கட்டிலில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "தாங்கினாலும் தாங்கலாம் அந்த முட்டி. அப்ப அவளோட கடைசி சீசனை நாமதான் சும்மா பறிச்சோம்னு ஆகும்."

"தாங்கலேன்னா சார்?"

கோச்சிடம் பேசப் போனை எடுத்தவர், எண்ணை அழுத்தாமல் அவளைப் பார்த்தார். குரலில் குத்தல் இல்லை, அசதிதான் இருந்தது.

"கோச் எடுத்த எடுப்புல ஒண்ணு கேப்பாரு. அவரு கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன். ஞாயித்துக்கிழமை அந்த இடத்துல நிக்கப்போறது நீயில்லாம வேற யாராவதா இருந்தா, அப்பவும் வந்து சொல்லியிருப்பியாம்மா?"