ஐஸ் மிஷின் சத்தம்

காசிமேட்டில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கில் லூயிஸ் டான்ஸ் பார்ட்டி நடத்தினான். இடத்தை யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல மாட்டான். வருகிறவர்கள் வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் காத்திருப்பார்கள். கடைசி நேரத்தில்தான் போனில் வழி வரும். பாட்டுச் சத்தத்தைப் பக்கத்து ஐஸ் பேக்டரியின் இரைச்சல் மூடிவிடும்.

ஒரு நாள் சாயங்காலம் பார்ட்டி நடந்துகொண்டிருந்தபோது, எதிரே மீன் விற்கும் சிலுவையம்மாள் வந்து கதவைத் தட்டினாள். லூயிஸ் கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்தான்.

"போலீஸ்காரரு வந்து இன்னா சத்தம்னு கேட்டாரு. ஐஸ் மிஷினுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"ஏன்க்கா?"

"எம்பொண்ணு உள்ள ஆடிகினு கீறா. அவ அப்பாவாண்ட, அவளுக்கு ஆபீஸ்ல ஓவர்டைம்னு சொல்லி வச்சிக்கீறேன்."

லூயிஸ் கதவை அகலத் திறந்தான். அவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, கூட்டத்தில் மகளைத் தேடிப் பிடித்து, அந்தப் பாட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.